திருத்தம் நிறைவுறும் நேரம் முற்பகல் 11.47

சகலமான முதலீட்டாளர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது:

நிகழும் 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் தேதி, வியாழக்கிழமை, முற்பகல் 11 மணி 47 நிமிடத்துக்கு, கடந்த பத்து மாதங்களாக நடைபெற்றுவரும் இந்தியப் பங்குச் சந்தையின் திருத்தம் நிறைவுபெறுகிறது. அதன்பின் சந்தை ஏறும். உறுப்பினர்கள் பதினொன்றரைக்குள் வந்து அமர்ந்துவிட வேண்டும். செருப்பு, குடை, செய்தித்தாள் ஆகியவற்றைக் கீழேயே விட்டுவிட்டு வரவும். கைக்குழந்தைகளைத் தவிர்க்கவும்.

இப்படிக்கு, இயக்குநர், காவிரிப் படுகை அலை ஆராய்ச்சி மற்றும் முதலீட்டாளர் நெறிப்படுத்தும் நிலையம், உரக்கடை மாடி, ரயில்வே கேட் அருகில், நீடாமங்கலம்.

இந்த அறிவிப்பை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நீடாமங்கலத்தில் கேட் போட்டால் அரை மணி நேரம் யாரும் எங்கும் போக முடியாது. தஞ்சாவூர் போகிறவர்களும் நாகப்பட்டினம் போகிறவர்களும் அதைப் படித்தே ஆக வேண்டும். படித்துவிட்டு, கேட் திறந்ததும் மறந்துவிட்டுப் போனார்கள். மூஸா மட்டும் கேட் திறந்த பிறகும் ஸ்கூட்டரை நிறுத்தி வைத்துக்கொண்டு நான்காவது முறையாகப் படித்தார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்து, அவருடைய பரம்பரையைப் பற்றிச் சில ஐயங்களை எழுப்பிவிட்டுப் போனார்.

மூஸாவுக்கு அதே பதிமூன்றாம் தேதி சாயங்காலம் நாலரை மணிக்குத் திருச்சியிலிருந்து சார்ஜாவுக்கு விமானம்.

அவர் பதினேழு வருஷமாக சார்ஜாவில், ஏசி உதிரிபாகக் கடையில் ஸ்டோர் கீப்பர். மே மாதம் பதினாறாம் தேதி லீவில் வந்திறங்கினார். வந்த அன்று ராத்திரியே மனைவி ஷம்சாத்திடம், "இனிமே போறதில்ல" என்றார். ஷம்சாத் இதற்கு முன்னால் ஆறு லீவுகளில் இதே வாக்கியத்தைக் கேட்டிருந்ததால், "சரி, சாப்பிடுங்க" என்றாள். ஆனால் இந்த முறை அவர் மன்னார்குடி ரோட்டில் ஒரு ஷட்டர் கடையைப் பிடித்து முன்பணமும் கொடுத்துவிட்டார். சொந்தமாக ஏசி சாமான் கடை. சரக்கு போட மூன்று லட்சம் மட்டும் குறைந்தது.

ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் சார்ஜா விசா செத்துப்போகும். கெடு நவம்பர் பதினைந்து. அதற்குள் கிடைத்த கடைசி சீட்தான் பதிமூன்றாம் தேதி.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. அது மூஸாவுக்கு மட்டும் தெரிந்தது. மகள் அனீஸாவுக்குப் பதினாலு வயது. அதில் அவர் கூடவே இருந்தது, எல்லா லீவையும் கூட்டினால், பதினொரு மாதம். வந்த புதிதில் அனீஸா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தால், விருந்தாளிக்கு வைப்பதுபோல் கண்ணாடி டம்ளரை ஒரு தட்டில் வைத்துத்தான் கொண்டுவருவாள். "குடிங்க அத்தா" என்று சொல்லி, அவர் குடித்து முடிக்கும்வரை கதவோரம் நிற்பாள். ஆகஸ்டில் தட்டு காணாமல் போனது. செப்டம்பரில் கண்ணாடி டம்ளரும் போய், ஓரம் நசுங்கிய எவர்சில்வர் டம்ளர் வந்தது. அக்டோபரில் ஒருநாள் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, "பானை அங்கதான அத்தா இருக்கு, மோந்துக்க வேண்டியதுதான" என்றாள். மூஸா மோந்து குடித்தார். பதினேழு வருஷத்தில் அவர் குடித்த தண்ணீரிலேயே அதுதான் உசத்தி.

அந்த மூன்று லட்சத்தைத் தேடிப் போனபோதுதான் அவர் உரக்கடை மாடி ஏறினார்.

ஏறினார் என்று சும்மா சொல்லிவிட முடியாது. நிலையத்தின் மாடிப்படியில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. உயிருள்ள எதுவும் ஐந்து அலையாக முன்னேறி மூன்று அலையாகப் பின்வாங்கும் என்பது நிலையத்தின் அடிப்படைக் கொள்கை. ஆகவே உறுப்பினர்கள் ஐந்து படி ஏற வேண்டும், மூன்று படி இறங்க வேண்டும், மறுபடி ஐந்து ஏற வேண்டும். இருபத்திரண்டு படிகள். காலை ஒன்பதரைக்கு வகுப்பென்றால் ஒன்பது மணிக்கே படியில் கூட்டம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். கீழே யூரியா வாங்க வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். உரக்கடைக்காரர் முதல் ஒரு மாதம் சிரித்தார். பிறகு, அந்தக் கூட்டத்தால் தனக்கும் வியாபாரம் ஆவதைக் கண்டு சிரிப்பதை நிறுத்திக்கொண்டார்.

இயக்குநர் ரெமிஜியஸ், பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் வரைபட ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருஷமும் மாணவர்களை நேர்கோடு போடச் சொல்லிச் சொல்லிக் களைத்தவருக்கு, உலகத்தில் கோணல் கோட்டுக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது என்று தெரிந்தபோது ஏற்பட்ட ஆறுதலை நாம் புரிந்துகொள்ள வேண்டும். நிலையத்தின் கூடத்தில் நான்கு சுவரையும் சுற்றி கிராஃப் தாள் ஒட்டி, சந்தையின் கோட்டை ஜனவரியிலிருந்து வரைந்துகொண்டே வந்தார். கோட்டின் முக்கியமான முனைகளில் தெர்மகோலில் வெட்டிய எழுத்துகள் தொங்கும்.

"சந்தை இறங்கினால் அதற்குப் பெயர் திருத்தம். திருத்தம் மூன்று அலை" என்று அவர் மூஸாவின் முதல் வகுப்பில் சொன்னார். கையில் கோடு போடும் நீளமான டி ஸ்கொயர் இருந்தது. "ஏ அலையில் சந்தை இறங்கும். ஜனங்கள் இது சும்மா என்பார்கள். பி அலையில் கொஞ்சம் ஏறும். பார்த்தாயா, நான் சொன்னேனே என்பார்கள். சி அலையில் மறுபடி இறங்கும். அப்போது ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அழுவார்கள். அழுகை ஓய்ந்ததும் வாங்க வேண்டும். இதோ, மார்ச்சில் சி முடிந்துவிட்டது. அழுகையும் ஓய்ந்துவிட்டது."

கூடத்தில் யாரும் அழவில்லை என்பதை மூஸா சுற்றிலும் பார்த்து உறுதி செய்துகொண்டார். பக்கத்தில் குத்தாலத்துக்காரர் சகாயநாதன் ஒரு சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். அது ஒரு நெல் அறுவடை இயந்திரத்தின் சாவி. இயந்திரத்தை விற்றுப் பங்கு வாங்கியாயிற்று. மாற்றுச் சாவியை மட்டும் ஞாபகார்த்தமாக வைத்துக்கொண்டார்.

"வாங்கலாமா அண்ணே?" என்று மூஸா அவரிடம் கேட்டார்.

"நான் மெஷினையே வித்துட்டு வந்து உக்காந்திருக்கேன், எங்கிட்ட கேக்குறீங்களே பாய்" என்றார் சகாயநாதன்.

இதை மூஸா சிபாரிசாக எடுத்துக்கொண்டார். ஆறு வாரத்தில் மூன்று லட்சம் கிடைத்துவிடும் என்று கணக்கு. கடைக்கு வைத்திருந்த பணம் முழுக்க நிலையத்தின் மூலமாகவே பங்கில் போட்டார்.

ஜூனில் சந்தை இறங்கியது.

ஜூலை முதல் வாரம் நிலையத்தில் மறு எண்ணிக்கை விழா நடந்தது. மார்ச் முனையில் தொங்கிய சி என்ற எழுத்தை எடுத்துவிட்டு அங்கே ஏ என்ற எழுத்தை மாட்டினார்கள். மே மாதத்து மேட்டில் பி. ரெமிஜியஸ் மைக்கைப் பிடித்தார். கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள், மைக் தேவையில்லை. ஆனாலும் பிடித்தார்.

"நிலையத்தின் எண்ணிக்கை தவறவில்லை. இதை நான் பணிவோடு சொல்கிறேன். நிலையம் எப்போதும் முதன்மைக் கணிப்பு ஒன்றும் மாற்றுக் கணிப்பு ஒன்றும் வைத்திருக்கும். முதன்மைக் கணிப்பு பலித்தால் அது நிலையத்தின் வெற்றி. பலிக்காவிட்டால், மாற்றுக் கணிப்பு பலித்துவிட்டது என்று பொருள். அதுவும் நிலையத்தின் வெற்றி. இதுவரை மூன்றாவதாக ஒன்று நடந்ததே இல்லை."

கைதட்டினார்கள்.

"மார்ச்சில் முடிந்தது சி அலை அல்ல, ஏ அலை. நீங்கள் எல்லாரும் வாங்கினீர்களே, அந்த மே மாதம்தான் பி அலை. கூட்டத்தோடு கூட்டமாக, ஏமாந்து வாங்குகிறவர்கள் இல்லாமல் உலகத்தில் பி அலை உண்டாகாது. அந்த வகையில் இந்த அலைக்குக் காரணமானவர்களை நிலையம் கௌரவிக்கிறது."

மூஸாவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ் கிடைத்தது. 'பி அலைப் பங்களிப்பாளர்.' வீட்டில் ஷம்சாத் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பணம் போனதுக்குக் குடுத்த ரசீதாங்க இது?"

"போகல. திருத்தத்துல இருக்கு."

"எப்ப வரும்?"

"சி முடிஞ்சதும்."

ஷம்சாத் சான்றிதழை அரிசி டிரம்முக்கு மூடியாக வைத்தாள். அளவு சரியாக இருந்தது.

மூஸா படிக்காதவர் அல்ல, புத்தி மட்டானவரும் அல்ல. ஏன் காத்திருந்தார் என்று கேட்டால், அதற்குக் காரணம் அவர் பிறந்த ஊர். தண்ணீர் குறைந்த வருஷங்களில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். ஐந்து நாள் நம் வாய்க்காலுக்கு, ஐந்து நாள் அடுத்த வாய்க்காலுக்கு. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வந்து ஷட்டரை இறக்கிவிட்டால், பயிர் காய ஆரம்பிக்கும். அதற்காக இங்கே யாரும் பயிரை மாடு விட்டு மேய்த்துவிடுவதில்லை. வரப்பில் உட்கார்ந்து நாளை எண்ணுவார்கள். ஆறாம் நாள் தண்ணீர் வரும். மூஸாவின் அத்தா மீரா உசேன் குத்தகைக்கு எடுத்த இரண்டு ஏக்கரில் அப்படித்தான் எண்ணினார். காய்வது என்பது இவர்களுக்கு நஷ்டம் அல்ல, அடுத்தவன் முறை. ரெமிஜியஸ் இதைத் தெரிந்துதான் வைத்திருந்தார்.

"சந்தையும் முறைத் தண்ணீர்தான்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது, கூடத்தில் இருந்த டெல்டாக்காரர்கள் முப்பது பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். பட்டணத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் ஒருத்தனும் அசைந்திருக்க மாட்டான்.

அப்படியும் ஜூலை கடைசியில் மூஸா ஒருமுறை வெளியேறப் பார்த்தார். பாதியாவது மிஞ்சும் என்று தோன்றியது. கவுண்டரில் இருந்த சான்ட்ராவிடம் போய், எல்லாவற்றையும் விற்றுக் கொடுக்கச் சொன்னார். சான்ட்ரா மிகவும் மரியாதையான பெண். ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். 'அலையிடை விலகல் விண்ணப்பம்', மூன்று பிரதி.

மூஸா பூர்த்தி செய்து கொடுத்தார். சான்ட்ரா பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"எந்த அலைல வெளியேறுறீங்கன்னு போடல சார்."

"விழுற அலைலம்மா."

"விழுற அலைன்னு ஒண்ணு நம்ம பாடத்துல இல்ல சார்."

"அப்ப நீங்களே எழுதிக்குங்கம்மா."

"உறுப்பினர் கைப்பட எழுதணும் சார். சியோட எத்தனாவது உள் அலைன்னு கரெக்டா எழுதுனீங்கன்னா, டைரக்டர் பாத்து ஒத்துக்குவார்."

"டைரக்டருக்குத் தெரியுமா அது எத்தனாவதுன்னு?"

"அது முடிஞ்சப்புறம்தான் சார் தெரியும்."

"முடிஞ்சப்புறம் நான் ஏம்மா வெளியேறணும்?"

"அதைத்தான் சார் டைரக்டரும் சொல்வார்" என்றாள் சான்ட்ரா, ஒரு மாணவர் சரியான விடைக்கு வந்து சேர்ந்த திருப்தியோடு.

காரணம் என்ற இடத்தில் மூஸா 'நஷ்டம்' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் நிலையத்தில் தடை செய்யப்பட்டது. பத்து ரூபாய் அபராதம் கட்டிவிட்டு ஐந்து இறங்கி மூன்று ஏறி, ஐந்து இறங்கி மூன்று ஏறி வீட்டுக்குப் போனார்.

ஆகஸ்டில் சந்தை அங்குமிங்கும் ஆடியது. சி முடியவில்லை, இது முக்கோண வகைத் திருத்தம் என்று இரண்டாவது மறு எண்ணிக்கை விழாவில் அறிவித்தார்கள். முக்கோணத்துக்கு ஐந்து எழுத்து வேண்டும், டி, ஈ என்று இரண்டு எழுத்து கூடுதலாக வெட்டினார்கள். செப்டம்பரில் முக்கோணம் கீழ்ப்பக்கமாக உடைந்தது. அப்படியானால் இது இரட்டைத் திருத்தம், முதல் திருத்தத்துக்கு டபிள்யூ, இடையில் இணைப்புக்கு எக்ஸ், இரண்டாவதற்கு ஒய். ஒவ்வொரு தடவையும் பழைய எழுத்துகளைத் தெர்மகோல் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். சந்தை நிலையத்தை நம்பித் திரும்பி வந்தால் தேவைப்படும்.

அமெரிக்காவில் பெரிய பெரிய பாங்குகள் சாய்ந்துகொண்டிருந்த மாதம் அது. நிலையத்தில் இது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் பேசக் கூடாது. செய்தி அலையை உண்டாக்குவதில்லை, அலைதான் செய்தியை உண்டாக்குகிறது என்பது இரண்டாவது கொள்கை. அதனால் செய்தித்தாளோடு வருகிறவர்கள் அதைக் கீழே செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். காலண்டரைக்கூட ரெமிஜியஸ் கழற்றச் சொல்லிவிட்டார். அதில் தேதிக்குக் கீழே சின்ன எழுத்தில் என்னென்னவோ போட்டிருக்கிறது, மனம் சிதறுகிறது என்றார். கூடத்தில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் சந்தையின் கோடு ஓடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் கரண்ட் போகும் வருஷம் அது. போனால் திரை இருண்டுவிடும்.

"ஒண்ணு கவனிச்சீங்களா பாய்" என்றார் சகாயநாதன் அப்படி ஒரு இருட்டில். "கரண்ட் இல்லாதப்ப மட்டும்தான் நம்ம பங்கு விழறதில்ல."

அவரிடமும் பத்து ரூபாய் வாங்கினார்கள். 'விழறதில்ல' என்பதில் விழுதல் இருக்கிறது.

நோன்புப் பெருநாள் முடிந்த மறுவாரம் ஷம்சாத் நிலையத்துக்கு வந்தாள். ஒரு கையில் மதியச் சாப்பாட்டுக் கேரியர். இருபத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். நிலையத்தின் சரித்திரத்தில் அப்படி யாரும் ஏறியதில்லை. திருத்தமே இல்லாத செங்குத்து ஏற்றம். படியில் ஐந்துக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றிருந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள்.

"சார், இவரு நவம்பர் பதிமூணு போகணுமா, வேணாமா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"உட்காருங்கள் அம்மா" என்றார் ரெமிஜியஸ். "சந்தை என்பது முறைத் தண்ணீர் மாதிரி..."

"அதை இவரு வீட்ல தினம் சொல்றாரு சார். முறைத் தண்ணின்னா மேல அணை இருக்கு. அணைல தண்ணி இருக்கு. இவ்வளவு அடின்னு பேப்பர்ல போடுறான். அதனாலதான் வரப்புல உக்காந்திருக்கோம். இதுக்கு மேல என்ன சார் இருக்கு?"

முப்பது டெல்டாக்காரர்களும் இந்த முறை தலையாட்டவில்லை. ரெமிஜியஸ் டி ஸ்கொயரை மேசைமேல் வைத்தார்.

"அணையில் எவ்வளவு தண்ணீர் என்பது ஒரு செய்தி அம்மா. இங்கே செய்திக்கு அனுமதியில்லை."

"சரி, உங்க பணம் எதுல சார் இருக்கு?"

"தபால் ஆபீசில்." இதை அவர் கொஞ்சமும் கூசாமல், சொல்லப்போனால் பெருமையோடுதான் சொன்னார். "என்னிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. இருந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். பயம் வந்தால் எண்ணிக்கை தவறும். முப்பது குடும்பத்தின் பணத்தை வைத்துக்கொண்டு நான் பயப்படலாமா? ஆகவேதான் என் பணத்தை மட்டும் பாதுகாப்பாக வைத்துவிட்டு, மிச்சத்தைத் துணிச்சலாக எண்ணுகிறேன்."

இதற்கும் கைதட்டினார்கள், முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாக. ஷம்சாத் கேரியரைக் கணவரின் மடியில் வைத்தாள். "வெண்டைக்காய் புளிக்குழம்பு. ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஏறியதுபோலவே இறங்கிப் போனாள். மூஸா அந்தக் குழம்பைச் சாப்பிட்டார். கேரியர் காலியாக வீடு போய்ச் சேராவிட்டால் இன்னொரு கேள்வி வரும்.

அன்றைக்கே அவர் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார்.

அக்டோபர் கடைசியில் சந்தை, யாரும் பார்த்திராத ஆழத்துக்குப் போனது. இரட்டைத் திருத்தம் மும்மைத் திருத்தமாயிற்று. இன்னொரு எக்ஸ், அதன்பின் இசட். இசட்டுக்கு அப்பால் ஆங்கிலத்தில் எழுத்து இல்லை. சாஸ்திரத்திலும் மும்மைக்கு அப்பால் திருத்தம் இல்லை. இதை எப்படிச் சமாளிப்பார் என்று எல்லாரும் ரெமிஜியஸையே பார்த்தார்கள்.

"கலங்க வேண்டாம்" என்றார் அவர். "தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகள் இருக்கின்றன."

கூடத்தில் முதல் முறையாக ஒருவர் விசும்பினார். சகாயநாதன்தான். சாவிக்கொத்து சுற்றுவது நின்றிருந்தது.

அந்த விசும்பலைக் கேட்டதும் ரெமிஜியஸின் முகம் மலர்ந்தது. ஜனங்கள் அழுகிறார்கள் என்றால் திருத்தம் முடியப்போகிறது! மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டார். ஜனவரி உச்சியிலிருந்து நாட்களை எண்ணி, அதைச் சாஸ்திரம் சொல்லும் அறுபத்தொன்று புள்ளி எட்டு சதவீதத்தால் பெருக்கினார், வகுத்தார், மறுபடி பெருக்கினார். ஒரு வழியில் பார்த்தால் பதிமூன்றாம் தேதி காலை பத்தே கால். இன்னொரு வழியில் மதியம் ஒன்று ஐம்பது. மூன்றாவது வழியில் ராத்திரி எட்டு, அப்போது சந்தை இருக்காது என்பதால் அதைத் தள்ளினார். மீதி இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, டீ நேரம் கால் மணியைக் கழித்தால், பதினொன்று நாற்பத்தேழு. மிச்சமாக முப்பது விநாடி வந்தது. தொழில் நேர்மை காரணமாக அதை விட்டுவிட்டார்.

அறிவிப்பு ஒட்டப்பட்டது.

பதிமூன்றாம் தேதி காலை மூஸாவின் பெட்டி வீட்டுக் கூடத்தில் கயிறு கட்டி நின்றது. முப்பது கிலோ. ஊறுகாய், மாசிக் கருவாட்டுத் தூள், நாலு கைலி. கார் பன்னிரண்டரைக்கு வருவதாக ஏற்பாடு. திருத்தம் பதினொன்று நாற்பத்தேழுக்கு முடிந்தால் கார் வேண்டாம். முடியாவிட்டால் ஏறிவிட வேண்டியது. இதைவிடத் தெளிவான ஏற்பாடு அவருடைய வாழ்க்கையில் அதுவரை அமைந்ததில்லை.

அனீஸா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளர், தட்டு.

"குடிங்க அத்தா" என்று சொல்லிவிட்டுக் கதவோரம் நின்றாள்.

மூஸா பாதி குடித்தார். "பானைல நானே மோந்துக்குவேனே" என்றார்.

"பரவால்ல அத்தா. பயணம் போறீங்கள்ல" என்றாள் அவள், தரையைப் பார்த்துக்கொண்டு.

நிலையத்தில் அன்று உறுப்பினர்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். படி ஏறும் சடங்கை ரெமிஜியஸ் அன்று மட்டும் ரத்து செய்திருந்தார். இனி இறங்க வேண்டியதில்லை அல்லவா? கீழே இருபது செய்தித்தாள்கள் செருப்புகளோடு கிடந்தன. சகாயநாதன் தோளில் துண்டு போட்டு, ஜெபம் செய்பவர்போலக் கைகோத்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரின் மேல் ஒரு மல்லிகைச் சரம்.

பதினொன்று நாற்பது. திரையில் கோடு படுத்திருந்தது. ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை.

"கரண்ட் இருக்காம்மா?" என்றார் மூஸா.

"இருக்கு சார். ஃபேன் ஓடுதே" என்றாள் சான்ட்ரா.

"நெட்டு?"

"அதுவும் இருக்கு சார். காலைலருந்து பாக்குறேன், ஒரு புள்ளிகூட இறங்கல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பத்து மாதமாக அந்தக் கோடு ஒரு மணி நேரம்கூட இறங்காமல் இருந்து யாரும் பார்த்ததில்லை. ரெமிஜியஸ் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பத்தேழு ஆனது. கோடு அப்படியே இருந்தது.

அவர் மைக்கை எடுத்தார்.

"நண்பர்களே, ஏற்றத்தைக் காண வந்தீர்கள். அதைவிட அரிய காட்சியைக் காண்கிறீர்கள். விற்பவர் ஒருவரும் இல்லை. இந்தத் தேசம் முழுவதும் இன்று ஒரு பங்கைக்கூட விற்க ஒரு ஆள் இல்லை! திருத்தம் நிறைவு பெற்றது. இதை நிலையம் பத்து மாதம் முன்பே சொன்னது. எட்டு மாதம் முன்பும் சொன்னது. ஒவ்வொரு மாதமும் சொன்னது. ஒரே கருத்தை விடாமல் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும்."

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. சகாயநாதன் மூஸாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளிப்படையாகவே அழுதார். "முறை வந்துடுச்சு பாய். நம்ம வாய்க்காலுக்கு முறை வந்துடுச்சு."

மூஸா மாடிப்படியின் தலைப்பில் நின்று கார்க்காரருக்குப் போன் போட்டார். வேண்டாம் என்றார். அடுத்து சார்ஜாவுக்கு. பதினேழு வருஷமாகத் தன்னிடம் ஸ்டோர் சாவியைக் கொடுத்து வாங்கிய மேனேஜரிடம், வரவில்லை, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். யோசிச்சுத்தான் சொல்றியா என்று அவர் இரண்டு முறை கேட்டார். யோசித்துத்தான் என்று மூஸா இரண்டு முறை சொன்னார். வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினார். ரயில்வே கேட் போட்டிருந்தது. அரை மணி நேரம் நின்றார். அன்று அது அவருக்கு நீளமாகத் தெரியவில்லை.

வீட்டில் ஷம்சாத் அவருடைய முகத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பெட்டியின் கயிற்றை அவிழ்க்க உட்கார்ந்தாள். ஊறுகாய்ப் புட்டியை வெளியே எடுத்து வைக்கும்போது மட்டும் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். அது ஊறுகாய் நெடியா, அழுகையா என்று மூஸாவால் சொல்ல முடியவில்லை.

"தண்ணி குடும்மா" என்றார் அவர்.

அனீஸா மைசூர்பாகு டப்பாவைத் திறந்து, வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாக நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"பானை அங்கதான அத்தா இருக்கு" என்றாள்.

மூஸா ஓரம் நசுங்கிய டம்ளரில் மோந்து, நின்றபடியே முழுவதும் குடித்தார்.

அன்றைக்குக் குருநானக் ஜெயந்தி. பம்பாயில் சந்தைக்கு விடுமுறை.